இருபத்து மூன்று நொடி

பதினோராம் நோன்பு.
சஹருக்கு ஒரு குவளைத் தண்ணீர், நேற்றைய கஞ்சியில் மிச்சம்.
அதன் பிறகு ஒன்றுமில்லை.
ஒளுவில் வாய் கொப்பளித்த நீரைக்கூட
ஒரு சொட்டு உள்ளே விடாமல் துப்பியவள் நான்.

பத்தேகாலுக்கு, லிசேயின் இரண்டாம் மாடிக் கழிவறையில் நின்று
ஜுவைரியாவைப் போலப் பேசிக் காட்டினேன்.

காரைக்காலிலிருந்து நவம்பரில் வந்தவள்.
பிரெஞ்சின் ‘ர’ அவளுக்குத் தொண்டையில் பிறக்காது,
நாக்கு நுனியில் உருளும்
சைக்கிள் மணி மாதிரி.
வரலாற்று வகுப்பில் அவள் வாசித்த ஒரு பத்தியை
என் குரலில், அவள் நாக்கில் பதிவு செய்தேன்.
இருபத்து மூன்று நொடி.
குழுவில் நாற்பத்தொரு பேர்.
சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள்
சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வந்துகொண்டே இருந்தன.
நான் சாப்பிடப் போகவில்லை.
நோன்பாச்சே.

சாயங்காலம் சார்செலில் மழை.
டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்குதான் எங்கள் பள்ளிவாசல்.
பெண்களுக்கு மேல்தளம், கீழிருந்து ஏறி வரும் கஞ்சி வாசம்,
சுவரில் மூன்று நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம்.
ஜுவைரியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
என் தட்டுக்குப் பேரீச்சம்பழம் வந்து சேரவில்லை.
பார்த்தாள். தன்னுடையதை விரலால் பிளந்து
கொட்டை இல்லாத பாதியை என் பக்கம் நகர்த்தினாள்.
பாங்கு சொன்னார்கள்.

புறம்பேசுவது
செத்த உடன்பிறப்பின் இறைச்சியைத் தின்பது என்று
ஏழு வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன்,
அரபியில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம்.
ஒப்பித்துப் பரிசும் வாங்கினேன், ஒரு பென்சில் பெட்டி.
அந்த இறைச்சி எப்படி ருசிக்கும் என்று
யாரும் கேட்கவில்லை.
இனிக்கும்.
காலையிலிருந்து எனக்குப் பசிக்கவே இல்லை.

மஃரிபில் தோளோடு தோள்.
அல்ஹம்துவின் கடைசி வரியை எனக்கு மட்டும் கேட்கும்படி ஓதுகிறாள்.
அதில் ‘கைன்’ எழுத்து இரண்டு முறை வரும்.
அடித்தொண்டையிலிருந்து வருகிறது அது,
ஜன்னல் கண்ணாடியில் மூச்சு படிகிற மாதிரி, அத்தனை சுத்தமாக.
சார்செலில் பிறந்த என் ‘ர’
அந்த எழுத்துக்குப் பக்கத்து வீடு.

சஜ்தாவில் அல்லாஹ்விடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.
நெற்றி விரிப்பில் பட்டதும்
கேட்க வந்த சொல் திரும்பிப் போய்விட்டது.
மனிதரிடம் பட்ட கடனை மனிதரிடம்தான் அடைக்க வேண்டும்.
இதுவும் தெரியும் எனக்கு.
இதற்குத் தந்தது ஒரு தண்ணீர் பாட்டில்.

செருப்பு அலமாரிக்கு முன்னால் வைத்துச் சொன்னேன்.
ஒரு காலுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.
“தெரியும். மத்தியானமே ஒருத்தி போட்டுக் காட்டினா.”

மத்தியானமே.
அப்படியானால் அந்தப் பாதிப் பழம்

“மாப்பு” என்றேன்.
உடனே தரவில்லை.
அடுத்த காலுறையை உள்வெளியாகத் திருப்பினாள்.
“என் ‘ர’ அப்படி இல்ல. நீ ரொம்ப உருட்டிட்டே.”
சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
“நாப்பத்தொரு பேரும் அதைக் கேட்டாங்கல்ல?
இதையும் கேக்கட்டும். உன் குரல்லயே.
அப்புறம் பாப்போம்.”
குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

டிராம் நிறுத்தத்தில் நிற்கிறேன்.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
முதல் பதிவு நான்கு நொடி, அழித்தேன்.
இரண்டாவதில் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்,
அதையும் அழித்தேன்.
மூன்றாவதில்
‘பார்தோன்’ என்று ஆரம்பித்தேன்.
அந்தச் சொல்லிலும் ஒரு ‘ர’ இருக்கிறது.
பதினேழு வருஷமாக யோசிக்காமல் சொன்ன ‘ர’,
தொண்டையில் மாட்டிக்கொண்டு
வெளியே வர மாட்டேன் என்கிறது.

டிராம் வந்தது. கதவு திறந்தது.
உள்ளே வெளிச்சமும் சூடும்.
ஏறவில்லை.
கட்டைவிரலை மறுபடியும்
ஒலிவாங்கியின் மேல் வைத்தேன்.